கிளிப் எங்கே இருக்கிறது?

காருக்குள் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தால் ஒரு ஸ்க்ரூகூடச் சட்டென்று கண்ணில் படாது. டேஷ்போர்டு, கதவின் டோர் பேட், கியரைச் சுற்றியுள்ள கன்சோல், கண்ணாடியை ஒட்டி மேலேறும் தூண் உறை எல்லாம் தாமாகவே பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். அவற்றில் ஒன்று உடைந்துவிட்டால் வண்டிக்காரர் முதலில் செய்யும் காரியம், இடுக்கில் விரலை விட்டு இழுப்பது. ஒன்று உடைந்த இடத்தில் இரண்டு உடைவது அப்போதுதான். சென்னை புதுப்பேட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கார்களின் உள்வேலை பார்த்துவரும் மேஸ்திரி ஒருவர், தன் மேஜைக்கு வரும் உடைசல்களில் பெரும்பாலானவை வண்டி ஓடும்போது உடைந்தவை அல்ல, கழற்றும்போது உடைந்தவை என்கிறார்.

"முதல்ல கிளிப் எங்க இருக்குன்னு பாருங்க சார். அது தெரியாம கை வைக்காதீங்க."

இதைச் சொல்லாமல் அவர் யாருக்கும் ஒரு பாகத்தை எடுத்துக் கொடுப்பதில்லை. பாகம் வாங்க வருபவர் தானே மாட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னால் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். கூலி போகிறதே என்ற எண்ணம் கிடையாது. பக்கத்திலிருக்கும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, வந்தவரை உட்காரவைத்து, அந்தப் பாகத்தின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார். முன்பக்கம் அழகுக்கு, வேலைக்கு உரிய செய்தி எல்லாம் பின்பக்கத்தில் என்பது அவர் கணக்கு. எந்தப் பாகமும் தொழிற்சாலையில் ஒரு திசையில்தான் உள்ளே போயிருக்கும். அது போன வழியைக் கண்டுபிடித்துவிட்டால் வரும் வழியும் அதுவே.

அக்கம்பக்கத்தில் இன்னும் அவரைக் குஷன் மேஸ்திரி என்றே கூப்பிடுகிறார்கள். அவர் தொழிலைக் கற்றது ஒரு குஷன் கடையில். மாருதி 800 சாலைக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தாலும் அந்தக் கடை வாசலில் நின்றவை அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும்தான். அந்த வண்டிகளின் டோர் பேட் என்பது ஒரு ஹார்டுபோர்டு அட்டை. அதன்மேல் மெல்லிய ஸ்பாஞ்சு, அதற்கு மேல் ரெக்சின். ஓரத்தில் துளையிட்டு வளைந்த கம்பி கிளிப்புகளைச் செருகி, கதவின் தகரத்திலுள்ள ஓட்டைகளில் அழுத்தினால் வேலை முடிந்தது. அந்தக் காலத்தில் உடைகிறது என்ற பேச்சே குறைவு. அட்டை ஊறும், அடிப்பக்கம் உப்பிச் சுருளும், ரெக்சின் வெடிக்கும். பழைய அட்டையைப் புதிய அட்டையின்மேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு வெட்டினால் புது டோர் பேட் தயார். எந்த நிறுவனத்தையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. கத்தியும் தையல் இயந்திரமும் இருந்தால் போதும்.

மாருதியும் அதன் பின்னால் வந்த கார்களும் அந்தத் தொழிலை மாற்றின. 1983 டிசம்பரில் தொடங்கி 2014 ஜனவரி வரை மாருதி 800 தயாரிக்கப்பட்டது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சாண்ட்ரோ வந்தது; அடுத்த ஆண்டு மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகான் வந்தது. உள்ளலங்காரம் முழுக்க அச்சில் வார்த்த பிளாஸ்டிக்காக மாறியது. அதைக் கத்தியால் வெட்டிச் செய்ய முடியாது. புதிதாகச் செய்யும் தொழில், பத்திரமாகக் கழற்றி மாட்டும் தொழிலானது. தையல் தெரிந்த பலர் சீட் கவருக்குள் ஒதுங்கிக்கொண்டார்கள். இவர் மட்டும் பிளாஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்.

அவர் முதலில் கற்ற பிளாஸ்டிக் பாடம் மாருதி 800-இன் கண்ணாடி ஏற்றும் கைப்பிடி. அதில் ஸ்க்ரூவே கிடையாது. பல் வெட்டிய தண்டின்மேல் கைப்பிடி உட்கார்ந்திருக்கும். அதன் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், குதிரை லாடம்போல் வளைந்த ஒரு கம்பி கிளிப் தண்டின் பள்ளத்தைக் கவ்வியிருக்கும். தெரியாதவர்கள் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்புவார்கள். கைப்பிடி வராது, டோர் பேடில் வடு விழும். அவருக்குத் தொழில் கற்றுத்தந்த மேஸ்திரி பழைய பருத்தி வேட்டியிலிருந்து ஒரு பட்டையைக் கிழித்துக் கொடுத்தார். கைப்பிடிக்கும் டோர் பேடுக்கும் நடுவே துணியை நுழைத்து, இரு முனைகளையும் பிடித்து, ஷூவுக்குப் பாலிஷ் போடுவதுபோல் இப்படியும் அப்படியும் இழுக்க வேண்டும். துணியின் நூல் கிளிப்பின் முனையில் சிக்கும். இன்னொரு இழுப்பில் கிளிப் தெறித்து வெளியே வரும். அது எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. அதனால் மேலே ஒரு கையைக் குவித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். திருப்பி மாட்டுவது அதைவிட எளிது. கிளிப்பை முதலில் கைப்பிடியிலேயே செருகிவிட்டு, பல்லோடு பல் பொருத்தி, உள்ளங்கையால் ஒரு தட்டு. கிளிப் தானே பள்ளத்தில் விழும்.

எந்தச் சிறப்புக் கருவியும் இல்லாமல், ஒரு துணிப்பட்டையால், ஒரு கீறலும் இல்லாமல் முடிகிற வேலை இது. வீட்டிலிருந்தே செய்ய நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடையாது.

பிளாஸ்டிக் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். மேஸ்திரிக்கு அது பல சாதி. பெரும்பாலான கார் பாகங்களின் பின்பக்கத்தில், இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே சில எழுத்துகள் பதிந்திருக்கும்: பி.பி., ஏ.பி.எஸ்., பி.ஏ. என்று. மறுசுழற்சிக்காக ஏற்பட்ட சர்வதேச முறை அது. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு அந்தப் பாகம் எப்படி வளையும், எதில் ஒட்டும், எதில் ஒட்டாது என்பது தெரிந்துவிடும். டோர் பேடும் தூண் உறைகளும் பெரும்பாலும் பி.பி., அதாவது பாலிபுரோப்பிலீன். விறைப்புக்காக அதில் டால்க் என்னும் கனிமத் தூளைக் கலந்திருப்பார்கள். மீட்டரைச் சுற்றியுள்ள சட்டம், ஏசி வென்ட் போன்றவை பெரும்பாலும் ஏ.பி.எஸ். கிளிப்புகளில் பல பி.ஏ., அதாவது நைலான்.

பி.பி.-யில் சூப்பர் குளூ பிடிக்காது. எவ்வளவு ஊற்றினாலும் காய்ந்து, ஒரு நாள் ஏடாக உரிந்து வந்துவிடும். போதாததற்கு அந்தப் பசையின் ஆவி கறுப்புப் பிளாஸ்டிக்கின்மேல் வெள்ளைப் படலமாகப் படியும். ஏ.பி.எஸ். அப்படியில்லை. அது அசிட்டோனில் கரையும். அதே பிளாஸ்டிக்கின் துருவலை அசிட்டோனில் கரைத்துக் குழம்பாக்கி, விரிசலின் பின்பக்கம் பூசி, ஒரு நாள் விட்டால் இரண்டு துண்டும் ஒன்றாகிவிடும். பி.பி. உடைந்தால் பசையை மறந்துவிட்டு, சால்டரிங் அயர்னை எடுக்க வேண்டும். மெல்லிய ஸ்டீல் வலையைச் சூடாக்கிப் பின்பக்கம் புதைத்து, அதே பி.பி. துண்டை உருக்கி மேலே மெழுக வேண்டும். முன்பக்கம் வரை சூடு போகாமல் நிறுத்துவதில்தான் கைத்திறன் இருக்கிறது. புகை கெடுதல் என்பதால் இந்த வேலையை அவர் எப்போதும் கடைக்கு வெளியே, காற்று வரும் பக்கம் பார்த்து உட்கார்ந்துதான் செய்வார்.

கண்ட திரவத்தைப் போட்டுத் துடைப்பது அவருக்குப் பிடிக்காத இன்னொரு காரியம். பெட்ரோலும் தின்னரும் சில பிளாஸ்டிக்குகளில் உடனே ஒன்றும் செய்யாததுபோல் இருக்கும். சில நாள் கழித்து இழுவிசை இருக்கும் மூலைகளில் நுண்விரிசல் ஓடும். சோப்புத் தண்ணீரும் ஈரத்துணியும் போதும் என்பது அவர் கட்சி.

பிறகு வெயில். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களில் டேஷ்போர்டின் சராசரி வெப்பம் 69 டிகிரி செல்சியஸ், ஸ்டியரிங் 53, சீட் 51. அக்னி நட்சத்திரத்தில் அண்ணா சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தவர்களுக்கு இந்த எண்கள் ஆச்சரியம் தராது. பகலில் விரிந்து இரவில் சுருங்கி, ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது பிளாஸ்டிக் தன் இளக்கத்தை இழக்கிறது. பத்து வயதான காரின் கிளிப் புதிய கிளிப்பைப்போல் வளையாது. அதனால் பழைய வண்டியைத் தொடுவதற்கு முன் கிளிப்புகளைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறார். கிளிப் என்பது கழற்றும்போது செலவாகக்கூடிய பொருள். ஒன்று சில ரூபாய்தான். அதைக் காப்பாற்றப்போய் டோர் பேடையே உடைப்பவர்கள் உண்டு.

வெயிலுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. குளிரில் பி.பி. முறுகும், சூட்டில் இளகும். ஊட்டியில் மார்கழிக் காலையில் டோர் பேடை இழுத்தால் கிளிப் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் கூடு வேரோடு வந்துவிடும். சென்னையில் அதே வேலைக்கு வண்டியை அரை மணி நேரம் வெயிலில் நிறுத்தினால் போதும், தொடங்கலாம். மலைப்பக்கத்துக்காரர்களுக்கு அவர் சொல்வது ஹேர் டிரையர்.

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு அவர் கற்றுத்தரும் வேலைகளில் கதவின் உள் கைப்பிடியை மாற்றுவதுதான் சரியான அளவு. அடிக்கடி உடைவதும் அதுதான். கைப்பிடி திரும்பும் ஆணியருகே பிளாஸ்டிக் மெலிந்திருக்கும்; வருடக்கணக்கில் இழுத்ததில் அந்த இடம் விட்டுப்போகும். பிறகு கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிக் கைப்பிடியால் கதவைத் திறந்துகொண்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். விபத்து நேரத்தில் உள்ளிருந்து திறக்காத கதவு எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை அவர் குரல் உயர்த்தியே சொல்வார்.

வேகன் ஆர் வைத்திருந்த ஒரு வங்கி ஊழியர் இந்தக் கைப்பிடி தேடி வந்தபோது, கடை வாசலிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி, அவரையே செய்யவைத்தார் மேஸ்திரி. தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"தம்பி, இழுக்காத. முதல்ல தடவிப் பாரு. மூடி எங்கெல்லாம் இருக்கு?"

சின்னக் கார்களில் பெரும்பாலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும் இடங்கள் மூன்று: உள் கைப்பிடியின் பின்புறக் குழி, கதவை இழுத்துச் சாத்தும் பள்ளத்தின் அடி, பக்கக் கண்ணாடிக்கு உட்புறமுள்ள முக்கோண மூடிக்குப் பின்னால். குழிகளின்மேல் நகம் அளவுக்கு ஒரு மூடி இருக்கும். அதன் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்துதான் நெம்ப வேண்டும். எதிர்ப்பக்கத்தில் நெம்பினால் மூடியின் காது முறியும். விரல் நகத்தால் தடவினாலே வெட்டு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். ஸ்க்ரூக்கள் வந்ததும் ஒரு பழைய அட்டையில் கதவின் படத்தைக் கோடாக வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் குத்திவைக்கச் சொன்னார். நீளமான ஸ்க்ரூவைக் குட்டையான ஸ்க்ரூவின் இடத்தில் போட்டால் முனை முன்பக்கம் வந்து எட்டிப்பார்க்கும்.

அடுத்தது கிளிப். டோர் பேடின் அடி மூலையிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு அவர் கொடுத்தது கடையில் விற்கும் பிளாஸ்டிக் நெம்புகோல் அல்ல. மூங்கிலைச் சீவி, ஓரத்தை மணல்தாளால் மழுக்கிய ஆப்பு. கதவின் பெயிண்ட்டில் முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொன்னார். ஆப்பை நுழைத்து உள்ளே நகர்த்திக்கொண்டே போனால் ஓர் இடத்தில் தட்டும். அதுதான் கிளிப். ஆப்பின் முனை கிளிப்பை ஒட்டி, முடிந்தவரை அருகில் இருக்கும்போது நெம்ப வேண்டும். இரண்டு கிளிப்புக்கு நடுவே நெம்பினால் விசை முழுக்க டோர் பேடில் இறங்கி அது வளையும், வெளுக்கும். முதல் கிளிப் 'டப்' என்று வந்ததும் வங்கி ஊழியர் உடைந்துவிட்டது என்று திகைத்துக் கையை எடுத்துவிட்டார். அந்தச் சத்தமும் உடையும் சத்தமும் வேறு. வருவது மொத்தமான சத்தம். உடைவது கீச்சென்று மெலிந்த சத்தம். கேட்டுக் கேட்டுத்தான் பிரித்தறிய வேண்டும்.

எல்லாக் கிளிப்பும் விட்ட பிறகும் டோர் பேட் வராது. மேல் விளிம்பு கண்ணாடி இறங்கும் வாயில் கொக்கிபோல் தொங்கிக்கொண்டிருக்கும். நேரே மேலே தூக்க வேண்டும். இழுக்கிறவர்கள் அந்த விளிம்பை முறிப்பது இந்தக் கட்டத்தில்தான். தூக்கியதும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடவும் கூடாது; பின்னால் பவர் விண்டோவின் ஒயரும், கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகும் கம்பியும் இருக்கும். ஒயரை இணைக்கும் கப்ளரின் நாக்கை அழுத்திவிட்டு, ஒயரைத் தொடாமல் கூட்டைப் பிடித்து இழுக்க வேண்டும். கம்பியைக் கவ்வியிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பூட்டைப் பக்கவாட்டில் திருப்பினால் கம்பி விடுபடும்.

புதுக் கைப்பிடி ஏறிய பிறகு, டோர் பேடை மூடுவதற்கு முன்பே ஒரு முறை கைப்பிடியைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். ஆனால் கதவைச் சாத்தாமல்! ஸ்க்ரூ டிரைவரால் பூட்டின் நாக்கைச் சாத்திய நிலைக்குத் தள்ளிவிட்டு, கைப்பிடியை இழுத்து, நாக்கு விடுகிறதா என்று பார்க்க வேண்டும். விடாவிட்டால் கதவு திறந்திருக்கும்போதே தெரிந்துவிடும்.

ஸ்க்ரூவைத் திருப்பிப் போடுவதில்தான் அவர் கையைப் பார்க்க வேண்டும். இவை பிளாஸ்டிக்கில் தாமே மரை வெட்டிக்கொள்ளும் ஸ்க்ரூக்கள். துளையில் வைத்ததும் அவர் வலப்பக்கம் திருகமாட்டார். மெல்ல இடப்பக்கம் சுற்றுவார். ஒரு சுற்றுக்குள் ஸ்க்ரூ ஒரு மயிரிழை கீழே இறங்கும். பழைய மரையின் வாயில் விழுந்துவிட்டது என்று விரல் நுனிக்குத் தெரியும். அங்கிருந்துதான் வலப்பக்கம். அப்படிச் செய்யாமல் நேரே முடுக்கினால் பழைய மரைக்குக் குறுக்கே இன்னொரு மரை வெட்டுப்படும். இரண்டு மூன்று தடவை இப்படி ஆனால் துளை வாய் அகன்று ஸ்க்ரூ நிற்காது. மெஷின் போட்டு முடுக்கும் பையன்களிடம் அவர் சண்டை பிடிப்பது இதற்காகத்தான். கடைசிச் சுற்று கையால்தான். பிடித்ததும் நிறுத்த வேண்டும்.

டோர் பேடுக்கும் கதவின் தகரத்துக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். பார்ப்பதற்குக் குப்பைபோல் தெரியும். பலர் கிழித்தெறிந்துவிட்டு மாட்டிவிடுகிறார்கள். கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது உள்ளேயே வழிந்து அடித்துளைகள் வழியே வெளியே போக வேண்டும். அந்தத் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது இந்தத் தாள். ஒட்டியிருக்கும் கறுப்புப் பசை எளிதில் காய்வதில்லை. தூசி படாமல் உரித்தால் அதையே மறுபடி அழுத்தி ஒட்டலாம். தாள் போன வண்டிகள் ஐப்பசி மழையில் கால்மிதி நனைந்து வரும். கதவின் அடித்துளைகளை ஒரு குச்சியால் குத்திச் சுத்தம் செய்வதையும் அவர் இந்த வேலையோடு சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறார்.

தண்ணீர் என்றால் 2015 டிசம்பர் வெள்ளம். வேளச்சேரி, கோட்டூர்புரம், முடிச்சூர் என்று நகரின் பல பகுதிகளில் கார்கள் கூரை வரை மூழ்கின. அந்த மாதங்களில் அவரும் கடைப் பையன்களும் செய்தது ஒரே வேலை: வண்டியின் உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்து வெளியே வைப்பது. மேலே காய்ந்துவிட்டதுபோல் தெரியும் கார்ப்பெட்டின் அடியில் தடித்த பஞ்சு விரிப்பு இருக்கிறது. அது வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். அதன் வழியாகத்தான் ஒயர்க் கட்டுகள் ஓடுகின்றன. சீட், கன்சோல், வாசற்படி உறை, தூண் உறை என்று ஒவ்வொன்றாகக் கழற்றாமல் அந்த விரிப்பை வெளியே எடுக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அதே வேலை மறுபடி வந்தது. பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு அவர் தரும் யோசனை இந்த அனுபவத்திலிருந்து வந்தது. சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள்; சேற்றுக் கோடு இருந்தால் வண்டி மூழ்கியது. கதவோர ரப்பரைச் சற்று இழுத்து, தூண் உறையின் பின்னால் வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே என்ன பாலிஷ் போட்டாலும் உறைக்குப் பின்னால் யாரும் துடைப்பதில்லை.

தானே செய்துகொள்ளலாம் என்று இவ்வளவு ஊக்கம் கொடுப்பவர், சில இடங்களில் கையை நீட்டித் தடுத்துவிடுவார். மஞ்சள் நிறக் கப்ளர் கண்ணில் பட்டால் நிறுத்த வேண்டும். அது ஏர்பேக்கின் ஒயர். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் கார்களில் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். பிறகு முன்சீட்டுப் பயணிக்கும் கட்டாயமானது. இப்போது பல கார்களில் கூரையோரம் முழுக்கத் திரை ஏர்பேக் மடிந்து கிடக்கிறது. அது விரிய எடுத்துக்கொள்ளும் நேரம் நொடியில் மிகச் சிறிய பங்கு. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். முன்தூண் உறை பிளாஸ்டிக் வெறும் அழகுக்கு இல்லை. ஏர்பேக் விரியும்போது அந்த உறை வழிவிட வேண்டும், அதே சமயம் பிய்த்துக்கொண்டு முகத்தில் பாயவும் கூடாது. அதற்காகவே பல கார்களில் அதன் கிளிப்பில் ஒரு வார் இணைந்திருக்கும். ஒரு முறை கழற்றினால் அந்தக் கிளிப்பை மாற்றியே ஆகவேண்டும் என்று கையேடுகளே சொல்கின்றன. உறை ஆடுகிறது என்று பசை போட்டு ஒட்டிக்கொண்டு வந்த வண்டியைப் பார்த்தால் அவருக்கு வரும் கோபம் நியாயமானது. ஸ்டியரிங், முன்தூண், சீட்டின் பக்கவாட்டு உறை ஆகிய மூன்றையும் வீட்டில் தொட வேண்டாம் என்கிறார். தெரிந்த கை தொட்டாலும் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கையேட்டில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருந்துதான் தொட வேண்டும். ஏர்பேக் கம்ப்யூட்டரில் கொஞ்ச நேரத்துக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

கழற்றத் தெரிந்த பிறகு வரும் கேள்வி, பாகம் எங்கே கிடைக்கும் என்பது. புதிதாக வேண்டுமென்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. ஓடிய வண்டியிலிருந்து எடுத்தது போதுமென்றால் புதுப்பேட்டை. இரண்டிடத்திலும் வெறும் வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஏமாற்றம்தான். ஒரே வண்டி, ஒரே ஆண்டு, ஆனால் விலை குறைந்த வகையில் சாம்பல் நிறம், விலை கூடிய வகையில் கறுப்பு. அதனால் பாகத்தின் பின்பக்கத்திலோ ஸ்டிக்கரிலோ இருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறார். பல நிறுவனங்களின் எண்ணில் கடைசியில் ஒட்டிவரும் எழுத்துகள்தான் நிறத்தைக் குறிக்கும். இடது வலது குழப்பமும் அதில் தீர்ந்துவிடும்; இந்தியாவில் காரின் வலது என்பது ஓட்டுநர் பக்கம், முன்னால் நின்று பார்ப்பவரின் வலது அல்ல.

பழைய பாகத்தை வாங்கும்போது அவர் முகப்பைப் பார்ப்பதே இல்லை. கீறலைத் துடைக்கலாம், நிறத்தை அடிக்கலாம். பின்னால் கிளிப் உட்காரும் கூடுகள் முழுதாக இருக்கின்றனவா, ஸ்க்ரூ துளைகள் வெடிக்காமல் இருக்கின்றனவா என்பதை மட்டும் விரலால் எண்ணிக்கொண்டு போவார்.

தொழிலில் அவருக்குள்ள பெரிய மனக்குறை வேறொன்று. ஏசி வென்ட்டில் பட்டைகளை ஒன்றாக அசைக்கும் ஓர் இணைப்புக் குச்சி இருக்கிறது. அதன் முனையில் அரிசி அளவு ஊசி. அது முறிந்தால் பட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு திசையில் தொங்கும். குச்சியை மட்டும் கேட்டால் கிடைக்காது. வென்ட் முழுவதையும் வாங்க வேண்டும். சில வண்டிகளில் அதைச் சுற்றியுள்ள சட்டத்தோடு சேர்த்து. அரிசி அளவுப் பிளாஸ்டிக்குக்காக ஒரு கை அகலப் பிளாஸ்டிக் குப்பைக்குப் போகிறது. அவர் கோபம் முழுக்க நியாயம் என்றே இதை எழுதுகிறவருக்கும் படுகிறது. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்காமல் கட்டுப்படுத்தியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அது மேல்முறையீட்டுக்கும் போனது. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக அமைத்த குழுவின் பட்டியலில் வாகனங்களும் இடம்பெற்றன. பாகத்தை யார் விற்பது என்ற வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். எவ்வளவு சிறிய பாகத்தைத் தனியாக விற்பது என்பதையும் யாராவது கேட்டாக வேண்டும்.

நாட்டை விட்டுப்போன நிறுவனங்களின் வண்டிகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மை. தேவூ மாட்டிஸ் வைத்திருந்தவர்கள் முதலில் பட்டார்கள். 2017 முடிவில் ஷெவர்லே விற்பனை நின்றது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. இயந்திர பாகங்களுக்கு ஏதாவது வழி பிறக்கும். கையுறைப் பெட்டியின் கீலுக்கோ, வெயில் மறைப்புத் தட்டின் கொக்கிக்கோ அச்சு போட்டுச் செய்து விற்க யாரும் முன்வருவதில்லை.

அந்த இடத்தில்தான் இப்போது அவர் கடைக்கு ஒரு புதிய ஆள் வந்து போகிறார். பொறியியல் படிக்கும் இளைஞர். வீட்டில் முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருக்கிறார். முறிந்த கொக்கியை வெர்னியரால் அளந்து, கணினியில் வரைந்து, அச்சிட்டுக் கொண்டுவருகிறார். முதலில் கொண்டுவந்தது பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக். மேஸ்திரி அதை மாட்டுவதற்கு முன் கேட்ட ஒரே கேள்வி, "எவ்ளோ சூடு தாங்கும் தம்பி?" என்பதுதான். பி.எல்.ஏ. 60 டிகிரி செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கிவிடும். டேஷ்போர்டு அதைத் தாண்டும். இளைஞர் திரும்பிப் போய் ஏ.பி.எஸ்.-இல் அச்சிட்டார். இன்னொரு திருத்தமும் மேஸ்திரி சொன்னார். அச்சு அடுக்கு அடுக்காக ஏறுகிறது. கொக்கியின் நீளத்துக்குக் குறுக்கே அடுக்கு அமைந்தால் அந்தக் கோட்டிலேயே விட்டுவிடும். படுக்கவைத்து அச்சிட்டால் தாங்கும். ஹார்டுபோர்டை வெட்டிப் பழகிய கை அது. அடுக்கைக் கண்டதும் புரிந்துகொண்டது.

இருவரும் இப்போது ஐகானின் கையுறைப் பெட்டிக் கீலில் இறங்கியிருக்கிறார்கள். முறியாத ஒரு கீல் மாதிரிக்குக் கிடைத்துவிட்டது. இடப்பக்கத்துக் கீல் வலப்பக்கத்துக்குப் பொருந்தவில்லை; அதையும் தனியாக அளக்க வேண்டும்.